மாரெக்குக்குப் பிடிக்காது

"மாரெக்குக்குப் பிடிக்காது," என்றான் வித்தோல்ட்.

போக்னா மேசையின் மறுகோடியைப் பார்த்தாள். மாரெக் வழக்கம்போலச் சிரித்துக்கொண்டிருந்தான். சிரிக்காமல் என்ன செய்வான்? அவன் அட்டை.

"எது பிடிக்காது?"

"முத்தம்."

"போன வாரம் படகுக்காரன் அரசகுமாரிக்குக் குடுத்த முத்தம் மட்டும் பிடிச்சுதே? இன்னும் கொஞ்சம் நீட்டலாம்னு மாரெக் சொல்றான்னு நீதான சொன்ன?"

"அது வேற முத்தம், போக்னா."

அந்த அலுவலகத்தில் எல்லாரும் எல்லாரையும் 'நீ' என்றுதான் கூப்பிட வேண்டும். முதலாளி, தொழிலாளி வித்தியாசமே இங்கே கிடையாது என்பதில் வித்தோல்டுக்கு ரொம்பப் பெருமை. முடிவை மட்டும் முதலாளியான அவன் எடுப்பான். சரியாகச் சொன்னால் அவனும் எடுக்க மாட்டான். மாரெக் எடுப்பான்.

மாரெக் யார் என்று சொல்லிவிட வேண்டும். கத்தோவித்ஸே நகரத்தில் இருந்த அந்தச் சின்ன நிறுவனம் 'சாம்பல் ஆறு' என்ற கணினி விளையாட்டைச் செய்யத் தொடங்கியபோது, விளம்பரம் பார்க்கும் இலோனா ஒரு யோசனை சொன்னாள். யாருக்காகச் செய்கிறோம் என்று தெரிந்தால்தானே ஒழுங்காகச் செய்ய முடியும்? சராசரி விளையாட்டுக்காரன் ஒருவனை நாமே கற்பனை செய்துகொள்வோம். பெயர் மாரெக். வயது நாற்பதை நெருங்குகிறது. லாரி ஓட்டுகிறான். மனைவி, இரண்டு பிள்ளைகள். சனிக்கிழமை பீரும் விளையாட்டும், ஞாயிற்றுக்கிழமை பூசை. படம் விற்கிறவர்களிடம் ஒரு புகைப்படம் வாங்கி, ஆள் உயரத்துக்கு அச்சடித்து, இடுப்புவரை வெட்டி, கூட்ட அறையில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். கட்டம் போட்ட சட்டை, தாடி, கையில் விளையாட்டுக் கருவி. கூட்டத்துக்கு ஆள் அதிகமானால் மனிதர்கள் நிற்பார்கள். மாரெக் நாற்காலியை யாரும் தொடக் கூடாது.

"அந்தச் சிரிப்பைப் பாரு," என்று இலோனா புதிதாக வருகிற எல்லாரிடமும் காட்டுவாள். "கேமராவைப் பாக்கல. அதுக்குப் பின்னாடி நிக்கிற யாரையோ பாக்குறான். பொண்டாட்டியத்தான். வேற யாரைப் பாத்து ஒரு ஆம்பளை இப்படிச் சிரிப்பான்? இந்தச் சிரிப்பு போகாம பாத்துக்கிறதுதான் நம்ம வேலை."

போக்னாவின் வேலை, அந்த விளையாட்டில் வருகிறவர்கள் பேசுவதை எழுதுவது. விளையாடுகிறவர் ஆணாகவோ பெண்ணாகவோ ஒரு வீரரைப் படைத்துக்கொண்டு ஆற்றோரமாக ஊர் ஊராகப் போகலாம். சண்டை போடலாம், திருடலாம், பழகலாம். பிடித்துவிட்டால் காதலிக்கவும் செய்யலாம். படகுக்காரன் ஸெமோவித்துக்கு ஆணும் சரி, பெண்ணும் சரி. அவனுடைய முதல் காதலன் ஆற்றோடு போனவன், இரண்டாவது காதலி அவனை விட்டுப் போனவள். கொல்லுப்பட்டறை நடத்தும் தோப்ராவாவுக்குப் பெண்கள் மட்டும்தான்.

தோப்ராவாவை எழுதத்தான் போக்னா இந்த வேலைக்கே வந்தாள். பள்ளிக்கூடம் படிக்கும்போது மாமா வீட்டுக் கணினியில் அவள் விளையாடிய விளையாட்டுகளில், ஒரு பெண் இன்னொரு பெண்ணை நேசித்தாள் என்றால் அடுத்த காட்சியில் எங்கிருந்தாவது ஒரு அம்பு வரும். அம்பு இல்லாவிட்டால் காய்ச்சல். ஆண்களைக் காதலித்தவர்கள் டிராகனின் வயிற்றுக்குள் போய்விட்டுக்கூடத் திரும்பி வந்தார்கள். இவர்களுக்கு மட்டும் ஒரு சளிக்குத் தாங்காத உடம்பு. சுரங்கத் தொழிலாளியின் மகள், பின்னால் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழக வாசலை மிதிக்கப்போகிறவள், அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்: ஒருத்தியையாவது நரை விழும்வரை உயிரோடு வைத்திருப்பது.

இப்போது அந்த ஒருத்தி கொடுக்கும் ஒரே ஒரு முத்தம் மாரெக்குக்குப் பிடிக்கவில்லை.

"அப்ப தூக்கிடலாமா?" என்று கேட்டாள்.

"ஐயையோ, தூக்க முடியாது," என்று பதறினாள் இலோனா. "ஜூன் மாசமே வானவில் எல்லாம் போட்டு அறிவிச்சாச்சு. எங்க விளையாட்டுல எல்லாக் காதலுக்கும் இடம் உண்டுன்னு. பத்திரிகையில எல்லாம் வந்துடுச்சு."

"இருக்கணும்," என்றான் வித்தோல்ட். "ஆனா மாரெக் கண்ணுல படக் கூடாது."

போக்னாவுக்குக் கோபம் வந்தது. வந்த கோபம் உட்கார இடம் தேடி, ஏற்கனவே கால் நீட்டிப் படுத்திருந்த அலுப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

முதல் வழியை வித்தோல்டே கண்டுபிடித்தான். தோப்ராவாவுக்குப் பெண்கள் மட்டும்தான் என்று ஏன் முடிவு கட்ட வேண்டும்? யார் விளையாடுகிறாரோ அவரை எல்லாரும் காதலிக்கட்டும். மாரெக் ஆணாக விளையாடினால் தோப்ராவா ஆணைக் காதலிப்பாள். யாருக்கும் வருத்தம் இல்லை.

"அப்ப அவ யாரு?" என்றாள் போக்னா. "அவளுக்குன்னு ஒரு மனசு வேண்டாமா? கடை ஜன்னல்ல வெச்ச கேக்கா அவ, யார் வந்து கேட்டாலும் எடுத்துக் குடுக்க?"

"சும்மா ஒரு சின்ன மாத்தம்தான்."

"படகுக்காரனோட பழைய காதலன்?"

"அவன் எதுக்கு இப்ப? செத்துட்டான்ல? பேச்சையே எடுக்க வேண்டாம்."

நிரல் எழுதுகிறவர்கள் அந்தச் சின்ன மாற்றத்தைச் செய்தார்கள். 'எல்லாரும்' என்று சொன்னதால் எல்லாருக்கும் செய்தார்கள். மறுநாள் சோதனைக்கு ஓட்டிப் பார்த்தால், வீரன் ஊருக்குள் நுழைந்ததுமே மீன்காரி காதலைச் சொன்னாள். மீன்காரியின் கணவன் சொன்னான். பாதிரியார் பூசையைப் பாதியில் நிறுத்திவிட்டுச் சொன்னார். தூக்குமேடையில் கயிற்றை மாட்டவேண்டிய ஆள், கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, "உன்ன மாதிரி ஒருத்தர இந்தக் கழுத்து வரிசையில நான் பாத்ததே இல்ல," என்று கண் கலங்கினான். கதை அதற்கு மேல் நகரவில்லை. வீரனைக் கொல்ல ஊரில் யாருக்கும் மனம் வரவில்லை.

"இது சரிப்படாது," என்றான் வித்தோல்ட், மாரெக்கைப் பார்த்து. மாரெக் சிரித்தான்.

இரண்டாவது வழி இலோனாவுடையது. காதலை எல்லாம் பழையபடி வைத்துவிடலாம். ஆனால் விளையாட்டின் தொடக்கத்தில் ஒரு பொத்தான். அதை அமுக்கினால் 'அமைதியான ஆறு' என்று ஒரு வகை திறக்கும். அதில் 'காதலன்', 'காதலி', 'என் உயிரே' என்று வருகிற இடமெல்லாம் 'நண்பன்', 'தோழி', 'நண்பரே' என்று மாறிவிடும். பொத்தான் முதலிலேயே அமுங்கிய நிலையில் இருக்கும்.

"ஆணும் பெண்ணும் காதலிக்கிற இடத்துல?" என்று கேட்டாள் போக்னா.

"தனித்தனியா பிரிக்க நேரம் இல்ல. மொத்தமா மாத்திடலாம்."

மொத்தமாக மாற்றினார்கள். அரசனும் அரசியும் நண்பர்கள் ஆனார்கள். ஏன் ஒரே கட்டிலில் தூங்குகிறார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. இளவரசன் யாருடைய பிள்ளை என்பது பெரிய மர்மமாகிவிட்டது. ஒரு விதவை தன் நண்பனின் கல்லறையில் விழுந்து புரண்டு அழுதாள். மனைவி ஓடிப்போனதால் நகரத்தையே கொளுத்திய வில்லன், இப்போது தோழி வேறு ஒருவருடன் நட்பாகிவிட்டதால் கொளுத்தினான். சாராயக் கடையில் இருந்த தச்சனும் அவன் கூட்டாளியும், முன்பு மரவிலையைப் பற்றி வெறும் நண்பர்களாகப் பேசிக்கொண்டிருந்தவர்கள், இப்போது நண்பன் என்ற சொல்லுக்கே வேறு அர்த்தம் வந்துவிட்டதால், "சொல்லு நண்பரே," "நீதான் சொல்லணும் நண்பரே," என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

திரையில் வருகிறவர்களின் அசைவுகளைச் செய்யும் காயெதான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "தாயே, முன்னாடி நாலு பேர்தான் அப்படி இருந்தாங்க. இப்ப நாடே அப்படி இருக்கு. எல்லாரும் எதையோ மறைக்கிறாங்க!"

"நான் எழுதல," என்றாள் போக்னா. "அட்டை எழுதிச்சு."

அன்று அவள் ஸாப்ஜேயில் இருந்த அம்மா வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. ரூஜா காரில் கொண்டுபோய் விட்டாள். ரூஜாவும் போக்னாவும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள், ஒரே படுக்கையில் தூங்குகிறார்கள், ஒரே பூனைக்குச் சோறு போடுகிறார்கள். அம்மாவைப் பொறுத்தவரை ரூஜா, போக்னாவுடன் வாடகையைப் பங்கு போடுகிற பெண். அம்மா இரண்டாவது மாடி ஜன்னலில் தலையணை போட்டு, அதன்மேல் முழங்கைகளை ஊன்றி, முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தத் தெருவில் எல்லா அம்மாக்களுமே அப்படித்தான். யார் வந்தார்கள், யாரோடு வந்தார்கள், எவ்வளவு நேரம் நின்றார்கள் என்பதை எல்லாம் அந்தத் தலையணைகளுக்குத் தெரியாமல் செய்ய முடியாது.

காரை விட்டு இறங்கியதும் போக்னா கையை நீட்டினாள். வழக்கம்போல.

ரூஜா அந்தக் கையைப் பார்த்தாள். "நான் என்ன, உங்க வீட்டு கேஸ் மீட்டர் பாக்க வந்தவளாடி?"

"அம்மா பாக்குறாங்க."

"எப்பதான் பாக்கல?" ரூஜா கையைக் குலுக்கினாள். விடவில்லை. "வர்ற ஞாயித்துக்கிழமை நான் மேல வர்றேன். சூப், கிழங்கு உருண்டை, சிவப்பு முட்டைக்கோஸ், எல்லாம் உக்காந்து சாப்பிடுறேன். இல்லன்னா இனிமே நீ டிராம்ல வந்துக்க. எனக்கு இந்தக் கை குலுக்கல் வேண்டாம், போக்னா. வலிக்குது."

மேலே போனதும் அம்மா கேட்டாள்: "அந்தப் பொண்ணுக்கு என்ன, முகம் வாடியிருக்கு?"

"வேலை ஜாஸ்தி."

"உனக்கும்தான் வாடியிருக்கு."

"எனக்கும் ஜாஸ்திம்மா."

மறுநாள் கூட்டத்தில் வித்தோல்ட் மூன்றாவது வழியோடு வந்தான். வார்த்தைகளை எல்லாம் பழையபடி வைத்துவிடலாம். பொத்தான் வேண்டாம். முத்தத்தை மட்டும் மாற்றலாம். முத்தத்துக்குப் பதில் தோப்ராவாவும் வீராங்கனையும் கை குலுக்கிக்கொள்ளட்டும்.

"கை குலுக்கணுமா?" என்றாள் போக்னா.

"மரியாதையா இருக்கும். புரிஞ்சுக்கிறவங்க புரிஞ்சுப்பாங்க. மாரெக்குக்கு உறுத்தாது."

காயெதானிடம் இருந்தது ஒரே ஒரு கை குலுக்கல், இரண்டு அரசர்கள் எல்லை ஒப்பந்தம் போடும் காட்சிக்காகச் செய்தது. அதைப் போட்டுப் பார்த்தால் தோப்ராவா காதலியிடமிருந்து இரண்டு மாவட்டங்களை வாங்கிக்கொள்வதுபோல் இருந்தது. "புதுசா ஒண்ணு செய்யணும்," என்றான். "எப்படிக் குலுக்கணும்னு எழுதிக் குடு."

போக்னா எழுதினாள். பழிவாங்குவதற்காகத்தான் எழுத ஆரம்பித்தாள். எப்படி இருக்கும் என்று அவளுக்குத்தான் தெரியுமே. கை முதலில் நீளும். முகம் வேறு பக்கம் பார்க்கும், யாரோ பார்க்கிறார்கள் என்பதற்காக. விரல்கள் தேவையைவிடக் கொஞ்சம் நேரம் தங்கும். கட்டைவிரல் மட்டும், மேலே இருப்பவர்களுக்குத் தெரியாத இடத்தில், மற்றவள் புறங்கையை ஒரு முறை தடவிவிட்டு வரும். பிறகு இரண்டு பேரும் ஒன்றுமே நடக்காததுபோல் கையைத் தங்கள் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்வார்கள், சுட்டதுபோல.

காயெதான் செய்து முடித்தான். சோதித்துப் பார்க்கிறவர்கள் அறையில் போட்டுக் காட்டினார்கள். ஒரு பெண் மூக்கைச் சிந்தினாள். பின்வரிசையில் இருந்த ஒரு முரட்டு ஆள் எழுந்து போய்த் தன் மனைவிக்குப் போன் செய்தான்.

வித்தோல்டின் முகம் வெளுத்துவிட்டது. "இதுக்கு முத்தமே தேவலாமே!"

"பழையபடி முத்தத்தையே வெச்சிடவா?"

"வேண்டாம். கையுறை மாட்டு. ரெண்டு பேருக்கும். தோலும் தோலும் படக் கூடாது."

கொல்லுப்பட்டறையில் கையுறை இருப்பது நியாயம்தானே. மாட்டினார்கள். ஆனால் கனமான தோல் கையுறையோடு கை குலுக்கினால் விரல்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து சிதைந்துபோயின. அதைச் சரிக்கட்ட, குலுக்குவதற்கு முன்னால் தோப்ராவா கையுறையைக் கழற்றுவதாக வைக்க வேண்டியிருந்தது. கனமான கையுறை சட்டென்று கழலாது. ஒவ்வொரு விரலாகத்தான் கழற்ற முடியும். மெதுவாக.

காயெதான் அதை ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு எழுந்து போய் ஜன்னலைத் திறந்தான்.

"என்னடா?"

"ஒண்ணும் இல்ல. புழுக்கமா இருக்கு."

வெளியே பனி பெய்துகொண்டிருந்தது.

வித்தோல்ட் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டு மாரெக்கின் எதிரில் உட்கார்ந்தான். போக்னா ஒரு நாற்காலியில் சரிந்து கிடந்தாள். இந்தக் காட்சியை எத்தனை விதமாக எழுதிவிட்டோம் என்று அவளுக்கே மறந்துவிட்டது. தோப்ராவா சாகவில்லை, அது ஒன்றுதான் மிச்சம். எதை எடுத்தாலும் அவள் வேறு எதிலாவது போய்க் காதலித்துவிடுகிறாள்.

அப்போதுதான் இலோனா மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"கிடைச்சிட்டான்!"

"யாரு?"

"மாரெக்!"

விளம்பரச் சுவரொட்டியில் அந்தப் படத்தைப் போடுவதற்குப் படத்தில் இருப்பவரின் சம்மதம் வேண்டும் என்று படம் விற்றவர்கள் சொல்லியிருந்தார்கள். தேடிப் பார்த்தால் ஆள் பக்கத்து ஊர்தான். பித்தோம். பெயர் அலோய்ஸ். லாரி இல்லை, டிராம் ஓட்டுகிறார். ஆனால் டிராமும் ஓட்டுகிற வண்டிதானே.

"மாரெக் உயிரோட இருக்கானா?" என்றான் வித்தோல்ட். முதல் நற்கருணை வாங்கப்போகும் குழந்தை மாதிரி அவன் குரல் நடுங்கியது. "கூப்பிடு. உக்கார வெச்சு விளையாடச் சொல்லு. அவன் முகத்தைப் பாத்துக்கிட்டே இருப்போம். முகம் சுளிச்சா அந்தக் காட்சி போச்சு. சுளிக்கலன்னா இருக்கட்டும். இனிமே நான் முடிவு எடுக்கல."

"இதுவரைக்கும் எடுத்த மாதிரி," என்றாள் போக்னா. யாரும் கவனிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அலோய்ஸ் வந்தார். படத்தில் இருந்ததைவிடத் தாடியில் நரை கூடியிருந்தது. வயிறும். அதே மாதிரி ஒரு கட்டம் போட்ட சட்டை. கூட்ட அறைக்குள் நுழைந்தவர், நாற்காலியில் தானே உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் திடுக்கிட்டு நின்றார்.

"இது எதுக்கு இங்க?"

"நீங்கதான் சார் எங்களுக்கு எல்லாமே," என்றாள் இலோனா.

"நான் டிராம் ஓட்டுறவன்மா."

"உங்களுக்குத் தெரியாது சார். ரெண்டு வருஷமா உங்களைக் கேக்காம நாங்க ஒரு வரிகூட எழுதினதில்ல."

"என்னை யாரும் ஒண்ணும் கேக்கலியே."

காபியும் ரோஜா ஜாம் வைத்த பொன்ச்கிப் பணியாரமும் கொடுத்து உட்கார வைத்தார்கள். வித்தோல்ட் கடைசி நேரத்தில் ஒரு முன்ஜாக்கிரதை செய்திருந்தான்: கொல்லுப்பட்டறை வாசலில் இரண்டு காவலர்களை நிறுத்தி, 'பட்டறை இன்று விடுமுறை' என்று சொல்ல வைத்திருந்தான். போகாவிட்டால் பிரச்சினையே இல்லையே.

அலோய்ஸ் வீரரைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் வெகுநேரம் யோசித்துவிட்டு ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்தார்.

"பொண்ணா?" என்று வித்தோல்டுக்கு வாய் தவறி வந்துவிட்டது.

"நாள் முழுக்க ஆம்பளையாத்தான இருக்கேன். ஒரு சாயங்காலம் மாறி இருந்துட்டுப் போறேன்."

ஆற்றங்கரையில் படகுக்காரனிடம் போனார். மற்ற வார்த்தைகளைப் பழையபடி வைத்தபோதும், அவனுடைய முதல் காதலனை மட்டும் 'நண்பன்' என்றே விட்டுவைத்திருந்தார்கள். "எனக்கு ஒரு நண்பன் இருந்தான். ஆத்தோட போயிட்டான்," என்றான் படகுக்காரன், கண்ணீர் மல்க.

"நண்பனா?" என்று அலோய்ஸ் திரையைப் பார்த்துக் கேட்டார். மூக்கால் ஒரு சத்தம் வந்தது. "ம்ம். நண்பன்."

வித்தோல்ட் போக்னாவின் முழங்கையைக் கிள்ளினான். "பாத்தியா? அந்த அளவுகூடத் தாங்கல."

கொல்லுப்பட்டறைக்குப் போனார். காவலர்கள் விடுமுறை என்றார்கள். அலோய்ஸ் ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு இரண்டு பேரையும் வெட்டிப் போட்டுவிட்டு உள்ளே போனார். "கடை திறந்திருக்கு, பொய் சொல்றானுங்க," என்றார்.

உள்ளே தோப்ராவா இருந்தாள். அலோய்ஸ் அவளோடு பேசினார். வாள் கேட்டார். பிறகு வாளை விட்டுவிட்டு அவளுடைய ஊரைப் பற்றிக் கேட்டார், அவள் அம்மாவைப் பற்றிக் கேட்டார். அவள் தன் மனதைச் சொன்னபோது, போக்னா எழுதியிருந்த பதில்களிலேயே மிகவும் துணிச்சலான பதிலை அழுத்தினார். போக்னா மூச்சை அடக்கிக்கொண்டாள். தோப்ராவா நெருங்கி வந்தாள். அடுப்பு வெளிச்சம். அலோய்ஸ் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார்.

தோப்ராவா ஒவ்வொரு விரலாகக் கையுறையைக் கழற்றினாள். கையை நீட்டினாள். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அலோய்ஸின் முகம் சுளித்தது. சும்மா சுளிக்கவில்லை, எலுமிச்சையைக் கடித்ததுபோல் சுளித்தது. கருவியை மேசையில் வைத்தார். எழுந்து, சட்டைப் பையிலிருந்து சிகரெட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அறையில் அட்டை மாரெக் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தான்.

"முடிஞ்சுது," என்றான் வித்தோல்ட். அவன் குரலில் நிம்மதிகூட இருந்தது. "மொத்தமா எடுத்துடு, போக்னா. தோப்ராவாவே வேண்டாம்."

"பத்திரிகையில வந்திருக்கே," என்றாள் இலோனா.

"சரி, அப்ப இருக்கட்டும். ஊருக்குள்ள நுழைஞ்சதும் ஒரு அம்பு வந்து படட்டும். 'நான் ஒரு பெண்ணை நேசித்தேன்'னு சொல்லிட்டுச் சாகட்டும். எல்லாக் காதலுக்கும் இடம் குடுத்த மாதிரியும் ஆச்சு, மாரெக் மனசும் நோகாது."

அம்பு. போக்னாவுக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை வருடம் படித்து, முதல் தலைமுறையாகப் பட்டம் வாங்கி, அம்மா தெருவெல்லாம் பெருமை பேசி, கடைசியில் அந்த அம்பை எழுதுவதற்குத்தான் சம்பளம். கத்தலாம் என்று வாயைத் திறந்தாள். கத்துவதற்குத் தெம்பு இல்லை. எழுந்து வாசலுக்குப் போனாள். வித்தோல்டும் இலோனாவும் மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு பின்னாலேயே ஓடி வந்தார்கள்.

அலோய்ஸ் படிக்கட்டின் கீழே, குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் பனியில் நின்று புகைத்துக்கொண்டிருந்தார்.

"மனசுல வெச்சுக்காதீங்க சார்," என்றான் வித்தோல்ட். "அந்தக் காட்சி உங்களுக்குப் பிடிக்கல, இல்லியா? வெளிப்படையா சொல்லுங்க."

"பிடிக்கல."

"அசிங்கமா இருந்துதா?"

"ஆமா. பாக்க முடியல."

"சொன்னேன்ல?" வித்தோல்ட் போக்னா பக்கம் திரும்பினான். "கை குலுக்கினாக்கூட மாரெக்குக்கு ஆகல. இன்னிக்கே எடுத்துடு."

போக்னாவுக்கு இனி இழப்பதற்கு ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாதபோது ஒரு மாதிரியான சுதந்திரம் வந்துவிடுகிறது. இரண்டு வருடமாக எல்லா முத்தத்தையும் தின்று ஏப்பம் விட்ட அந்தச் சிரிப்பின் சொந்தக்காரர் இதோ எதிரில் நிற்கிறார். கேட்டுவிடலாம்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க சார்," என்றாள். "உங்க படம். ரெண்டு வருஷமா அது முகத்துலதான் முழிக்கிறேன். அதுல கேமராவுக்குப் பின்னாடி யாரையோ பாத்து அப்படிச் சிரிக்கிறீங்களே. அப்படி ஒரு சிரிப்பு உங்களுக்கு வரலாம், என் தோப்ராவாவுக்கு வரக் கூடாதா? யாரு அது, உங்க சம்சாரமா?"

அலோய்ஸ் சிகரெட்டைக் கீழே போட்டுக் காலால் மிதித்தார். போக்னாவை நிமிர்ந்து பார்த்தார். தாடிக்குள்ளிருந்து மெதுவாக, படத்தில் இருந்த அதே சிரிப்பு எட்டிப் பார்த்தது.

"படம் எடுத்ததே என் புருஷன்தாம்மா, எங்க அம்மா ஜன்னல்ல தலகாணி போட்டு உக்காந்திருக்கிறதால, இத்தனை வருஷமா நானும் அவனும் கீழ வாசல்ல நின்னு அப்படித்தான் கை குலுக்கிட்டிருக்கோம், விளையாட்டுலயாவது அந்தப் பொண்ணுங்க முத்தம் குடுத்துக்கிட்டா உங்களுக்கு என்ன கேடு?"